வியட்நாமில் கடைவீதியும் இரவும்: எந்த ஊரில், எத்தனை மணிக்கு?

ஹனோய், டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம் என ஒன்பது நாள் வியட்நாம் போகிறீர்கள். அப்பா, அம்மா, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் உடன் வருகிறார்கள். மூன்று பேர் சுத்த சைவம். எந்தச் சந்தையில் என்ன வாங்கலாம், பேரம் எவ்வளவு பேசலாம், இரவில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சந்தைகளின் பெயர்ப் பட்டியல் எந்தப் பயண வழிகாட்டியிலும் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலும் விட்டுப்போவது நேரம். வியட்நாம் நகரங்களில் ஒரே தெரு விடியற்காலையில் பூச்சந்தை, பகலில் வண்டி நிறுத்தம், இரவில் சாப்பாட்டுக்கடை என்று மூன்று வேடம் போடும். தவறான நேரத்தில் போனவர்கள்தான் 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று சொல்லித் திரும்புகிறார்கள். அதனால் கீழே ஊர்வாரியாகச் சொல்வதில் கடையின் பெயரைவிட மணிக்கணக்கைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். ஏறக்குறைய முந்நூறு டாங் நம்முடைய ஒரு ரூபாய். ஒரு லட்சம் டாங் என்றால் 330 முதல் 350 ரூபாய் வரை என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி மூன்று சுழிகளை அவர்கள் பேச்சிலும் எழுத்திலும் விழுங்கிவிடுவார்கள். பலகையில் '50கே' என்றிருந்தால் ஐம்பதாயிரம் டாங். எல்லாத் தாளிலும் முன்பக்கம் ஹோ சி மின் முகம்தான். இதில் ஆபத்தானவை 20,000 தாளும் 500,000 தாளும்: இரண்டுமே நீலச் சாயல். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், டாக்ஸி ஓட்டுநர் அவசரப்படுத்தும்போது, அறுபத்தைந்து ரூபாய் என்று நினைத்து ஆயிரத்து அறுநூறு ரூபாயை நீட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இருபதாயிரம் தாளின் பின்பக்கத்தில் ஹோய் ஆன் நகரத்து ஜப்பானியப் பாலம் இருக்கும். ஐந்து லட்சம் தாளின் பின்பக்கத்தில் ஹோ சி மின் வளர்ந்த கிராமத்து வீடு. பெரிய தாளைத் தனி உறையில் வையுங்கள்.

ரூபாயாகக் கொண்டுபோக வேண்டாம். மடிப்பும் கிறுக்கலும் இல்லாத டாலர் தாள்களே நல்லது. நகைக்கடைகளில் வங்கியைவிட நல்ல விலை கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். உரிமம் உள்ள கடையா என்று பார்த்துச் செய்யுங்கள். 2018இல் கான் தோ நகரத்தில் நகைக்கடையில் நூறு டாலர் மாற்றிய ஒருவருக்கு ஒன்பது கோடி டாங் அபராதம் விதிக்கப்பட்டு, அது நாடு முழுக்கப் பேச்சானது. உள்ளூர்க்காரர்கள் இளநீர்க்கடையில்கூட க்யூஆர் குறியீட்டில் பணம் அனுப்புவதைப் பார்ப்பீர்கள். அதற்கு உள்ளூர் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் சந்தையில் நமக்கு ரொக்கம்தான் துணை.

பேரத்துக்கு வருகிறேன். போணி நம்பிக்கை அங்கே நம் ஊரைவிடக் கெட்டி. அன்றைய முதல் வாடிக்கையாளரின் ராசிதான் அன்றைய வியாபாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். கடை திறந்த கையோடு போய், நான்கு சட்டைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, அடிமட்ட விலைக்குக் கேட்டுவிட்டு நகர்ந்தால், சிலர் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தாளைக் கொளுத்தித் தீட்டுக் கழிப்பார்கள். வாங்குவது உறுதியென்றால் காலை எட்டு மணியே சிறந்த நேரம். போணி ஆகட்டும் என்று விலை இறங்கிவரும். வேடிக்கை பார்க்கத்தான் என்றால் பத்து மணிக்கு மேல் போங்கள். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு வரை துணிக்கட்டின் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்பினால் விலையும் எழும்.

வெளிநாட்டவர் வரும் சந்தைகளில் முதலில் சொல்லும் விலை இரண்டு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு. பாதிக்குச் சற்றுக் கீழே தொடங்கி, பாதிக்குச் சற்று மேலே முடிப்பது நியாயமான பேரம். கால்குலேட்டரை உங்கள் கையில் கொடுப்பார்கள். எண்ணைத் தட்டிக் காட்டி, சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுங்கள். குரல் உயர்ந்தால் பேரம் முடிந்தது. அதைவிட முக்கியம், நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு வாங்காமல் போகக் கூடாது. இந்தக் கலையில் நம் வீட்டுப் பெரியவர்கள் தேர்ந்தவர்கள். அம்மாவை முன்னே விட்டுவிட்டு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நில்லுங்கள்.

பயணத்தை வெள்ளிக்கிழமை ஹனோயில் தொடங்கும்படி அமைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை வாகனங்களுக்குத் தடை. 2016இல் தொடங்கிய ஏற்பாடு இது. பழைய நகரத்தின் ஹாங் தாவ் தெருவிலிருந்து டோங் சுவான் சந்தை வரை நீளும் இரவுச் சந்தையும் அந்த மூன்று இரவுகளில்தான். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால் இரண்டும் இல்லை. ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு வாடகை பொம்மைக் கார்கள் ஓடும், பாட்டிகள் ஒலிபெருக்கி வைத்து வரிசையாக நடனமாடுவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் கயிறு இழுப்பார்கள். செலவில்லாத இரவு.

இரவுச் சந்தையில் வாங்க அதிகம் இல்லை என்பது என் கருத்து. கைப்பேசி உறை, காந்தப் பொம்மை, அச்சடித்த பனியன். பாதிக்கு மேல் வேறு எங்கும் கிடைக்கக்கூடிய சரக்கு. நடந்து போய் ஏதாவது கொறித்துவிட்டு வரலாம். 1889இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய டோங் சுவான் சந்தை 1994 தீ விபத்தில் பெரும்பாலும் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. அது மொத்த வியாபாரிகளின் இடம். ஒன்றிரண்டு கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள்.

ஹனோயின் உண்மையான கடைவீதி, 'முப்பத்தாறு தெருக்கள்' என்று பெயர்பெற்ற பழைய நகரம்தான். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு என்று இருந்த அமைப்பு இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஹாங் காய் பட்டுக்கு, ஹாங் பாக் வெள்ளிக்கு, லான் ஓங் மூலிகைக்கு. ஹாங் தியெக் தெருவில் நடைபாதையிலேயே உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் ஹாங் மா தெருவுக்கு அழைத்துப் போங்கள். இறந்த முன்னோருக்கு எரித்து அனுப்பும் காகிதப் பொருள்கள் விற்கும் தெரு அது. காகிதத்தில் செய்த மோட்டார் சைக்கிள், கைப்பேசி, சட்டை, செருப்பு, கட்டுக்கட்டாக டாலர். தாத்தா மேலுலகில் நடந்து போகக் கூடாது என்ற அக்கறையோடு சக்கரத்தின் கம்பிகள்வரை ஒட்டியிருப்பார்கள். இந்தத் தெருக்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை போங்கள். மாலையில் மோட்டார் சைக்கிள்கள் நடைபாதை முழுவதையும் எடுத்துக்கொண்டுவிடும்.

பட்டு விஷயத்தில் நம்மவர்களை ஏமாற்றுவது கடினம் என்று நினைப்போம். ஆனால் வியட்நாம் பட்டு காஞ்சிபுரத்தைப் போலக் கனமாக இருக்காது, மெல்லியது, வழவழப்பானது. அதனால் பாலியஸ்டரும் அதே போலத் தோன்றும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி எரித்துக் காட்டச் சொல்லுங்கள். முடி கருகும் வாடை வந்து சாம்பல் பொடிந்தால் பட்டு. உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். நகரத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி வான் ஃபுக் என்ற நெசவுக் கிராமம் இருக்கிறது. 2021இல் திறந்த கட் லின் – ஹா டோங் மெட்ரோவில் போய் இறங்கி அங்கிருந்து கொஞ்ச தூரம் டாக்ஸி பிடிக்கலாம். பீங்கான் பிடிக்கும் என்றால் பாட் டிராங் கிராமம். உங்கள் நேரத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும். பீங்கானைச் சுமந்துகொண்டு உள்நாட்டு விமானங்களில் ஏறி இறங்க வேண்டும் என்பதால் நான் வான் ஃபுக்கைச் சொல்வேன்.

அரக்குப் பூச்சுக் கிண்ணங்களும் தட்டுகளும் எங்கும் பளபளவென்று அடுக்கியிருக்கும். மரப்பாலை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்துக் காயவைத்துச் செய்வது அசல்; வாரக்கணக்கில் ஆகும் வேலை. இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பது மரத்தூள் பலகையின் மேல் அடித்த பெயிண்ட். பரிசளிக்க அதுவும் அழகுதான், சாப்பாட்டை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

ஹனோய் இரவு என்றால் எல்லோரும் தா ஹியென் தெருவைச் சொல்வார்கள். முழங்கால் உயரத்து பிளாஸ்டிக் முக்காலிகளில் தெருவை அடைத்து உட்கார்ந்து, அன்றன்று வடித்து அன்றன்றே தீர்க்கும் 'பியா ஹோய்' என்ற இலேசான பீர் குடிக்கும் இடம். ஏழு மணிக்குப் பெற்றோரோடு ஒரு நடை நடந்து பார்க்கலாம். ஒன்பதுக்கு மேல் நெரிசலும் சத்தமும் உங்கள் கூட்டத்துக்கு ஒத்துவராது. உங்களுக்கு ஏற்ற இடம் புனித ஜோசப் தேவாலயத்தைச் சுற்றியுள்ள நடைபாதைகள். உள்ளூர் இளைஞர்கள் மாலை முழுக்க அங்கே எலுமிச்சைத் தேநீர் வாங்கிக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைக் காலடியில் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மதுவில்லாத இரவு வாழ்க்கை அந்த ஊரில் குறைவில்லை. முட்டைக் காப்பி ஹனோயின் கண்டுபிடிப்பு: 1946இல், பால் தட்டுப்பாட்டுக் காலத்தில், நுயென் வான் ஜாங் என்பவர் முட்டையின் மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்துத் தொடங்கியது, அவர் குடும்பத்தின் கடை நுயென் ஹு ஹுவான் தெருவில் இன்றும் நடக்கிறது. உங்கள் வீட்டுச் சைவர்களுக்குத் தேங்காய்க் காப்பி இருக்கிறது.

மதுக்கடைகள் ஹனோயில் பொதுவாக நள்ளிரவை ஒட்டி அடங்கிவிடும். அதற்குப் பிறகு விழிப்பது வேறொரு ஹனோய். லாங் பியன் பாலத்தடியில் பழ மொத்தச் சந்தை நள்ளிரவில்தான் சூடுபிடிக்கும். குவாங் பா பூச்சந்தை மூன்று மணிக்கு நிறைந்திருக்கும்: சைக்கிளின் பின்னால் ஆள் உயரத்துக்கு ரோஜாவும் செவ்வந்தியும் கட்டி, நெற்றியில் டார்ச் மாட்டிக்கொண்டு பெண்கள் தண்டின் வெட்டுமுனையைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருப்பார்கள். கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்லவே என்று கேட்கலாம். மேற்கு ஏரியின் பனியில் தாமரை மொட்டுக் கட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தாமரைக்குக் கோடையில் போக வேண்டும். அப்பா அம்மா தூங்கட்டும். நீங்கள் மட்டும் கிராப் செயலியில் கார் பிடித்துப் போய் ஐந்து மணிக்குள் திரும்பிவிடலாம்.

ஞாயிறு மாலை டா நாங் சேர்ந்துவிடுங்கள். 2013இல் திறக்கப்பட்ட, 666 மீட்டர் நீளமுள்ள டிராகன் பாலம் சனி, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நெருப்பு கக்கும், பிறகு தண்ணீர் பீய்ச்சும். டிராகனின் தலைப் பக்கம் நின்றால் நனைவது நிச்சயம்; பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். டா நாங்கில் ஹான் சந்தை ஒன்று போதும். கீழ்த்தளம் முழுக்கக் கருவாடும் காய்ந்த கணவாயும் என்பதால் சைவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். மேலே துணிக்கடைகள். காலையில் அளவு கொடுத்தால் 'அவ் தாய்' என்னும் அவர்களுடைய நீள அங்கியை மாலைக்குள் தைத்துக் கொடுக்கிறார்கள். கொரியச் சுற்றுலாப் பயணிகள் அதற்காகவே வருகிறார்கள். பெண் பிள்ளை இருந்தால் ஒன்று தைத்து ஹோய் ஆனில் போட்டுக்கொள்ளட்டும். படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

ஹோய் ஆன் டா நாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டர்; 2025 ஜூலையில் நிர்வாக எல்லைகளை மாற்றியபோது டா நாங் நகரத்தோடேயே இணைத்துவிட்டார்கள். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய துறைமுக ஊர். இங்கே எல்லோருக்கும் வரும் கேள்வி: துணி தைக்கலாமா? 'இருபத்து நான்கு மணி நேரத்தில் கோட்' என்று தெருவுக்குத் தெரு எழுதியிருக்கும். தையல் கூலி மலிவான ஊரிலிருந்து போகும் நமக்கு, சட்டைக்கும் சுடிதாருக்கும் அங்கே லாபம் எதுவும் இல்லை. ரவிக்கையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ஆனால் கோட், பிளேசர், குளிர்காலத்து நீள மேலங்கி ஆகியவற்றில் அவர்கள் கை தேர்ந்தது. நம் ஊரில் அந்த வெட்டுக்கு நல்ல தையற்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தைப்பதென்றால் ஊரில் இறங்கிய முதல் நாள் காலையிலேயே அளவு கொடுங்கள். ஒரே நாளில் தைத்துக் கொடுப்பார்கள், உண்மைதான். ராத்திரி முழுக்க வேறு எங்கோ ஒரு பட்டறையில் தைத்து வரும் அதில் தோள் சரியாக உட்காராது. இரண்டு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு மூன்று நாள் தேவை. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய கோட் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் பாதி வேலை முடிந்தது. எந்தத் துணி என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 'கம்பளி' என்று காட்டிவிட்டு கலப்படத் துணியில் தைப்பதுதான் வழக்கமான தில்லுமுல்லு. போட்டுப் பார்க்கும்போது கையை முன்னே நீட்டுங்கள், உட்காருங்கள், சட்டைப் பையில் கைப்பேசியை வைத்துப் பாருங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நின்றால் எந்தக் கோட்டும் சரியாகத்தான் இருக்கும். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். ஹோட்டல் வரவேற்பறையோ டாக்ஸி ஓட்டுநரோ அழைத்துப் போகும் கடையில் அவர்களுடைய கமிஷனும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

ஹோய் ஆனில் நான் மனமாரச் சொல்லும் இன்னொரு பொருள் துணி விளக்கு. மூங்கில் கம்பிகள் குடை போல மடங்கிக்கொள்ளும். பெட்டியில் இடமே எடுக்காது. மடக்கி விரித்துப் பார்த்து, துணி மடிப்பில் கிழியாமல் இருக்கிறதா, மேலும் கீழும் உள்ள மரக்கட்டை ஆடாமல் இருக்கிறதா என்று சோதித்து வாங்குங்கள். நுயென் ஹோவாங் தெரு இரவுச் சந்தையில் விளக்குக் கடைகளின் முன்னால் படம் எடுக்க மட்டும் நிற்பவர்களிடம் காசு கேட்பதுண்டு. இரண்டு விளக்கு வாங்குகிறவர்களை ஆசை தீர எடுக்கவிடுவார்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஆற்றங்கரையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அதே தெருக்கள் காலை ஆறரை மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும். மஞ்சள் சுவர்களின் முன்னால் கூடைக்காரப் பெண்கள் மட்டும் இருப்பார்கள். சந்திர நாள்காட்டியின் பதினான்காம் நாள் இரவு மின்விளக்குகளை அணைத்து விளக்குத் திருவிழா நடத்துவார்கள். அதாவது நம் பௌர்ணமிக்கு ஒட்டி. கூட்டமும் அறை வாடகையும் அன்று இரட்டிப்பு என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இரவு பத்து மணிக்கெல்லாம் ஊர் படுத்துவிடும்.

வியாழக்கிழமை ஹோ சி மின் நகரம். 'முதலாம் மாவட்டம்', 'நான்காம் மாவட்டம்' என்ற பிரிவுகள் 2025 ஜூலையோடு அதிகாரபூர்வமாக ஒழிந்துவிட்டன. ஆனால் ஓட்டுநர்கள் முதல் கடைக்காரர்கள்வரை எல்லோரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆகவே நீங்களும் அப்படியே சொல்லலாம். ஊரை சைகோன் என்ற பழைய பெயரில் சொல்வதும் அப்படித்தான்.

1914இல் திறந்த பென் தான் சந்தையைப் பாருங்கள், மணிக்கூண்டின் முன்னால் படம் எடுங்கள், வாங்குவதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து இழுக்கும் கடைகள் அங்கேதான் அதிகம், சொல்லும் விலையும் நாட்டிலேயே உயரம். துணிக்கு தான் டின் சந்தை. இளஞ்சிவப்புத் தேவாலயத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது, உள்ளூர்ப் பெண்கள் வாங்குமிடம். சோலோன் பகுதியின் பின் தே சந்தை குவாச் டாம் என்ற சீன வியாபாரியின் பணத்தில் எழுந்தது. நடு முற்றத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. டோங் சுவானைப் போலவே மொத்த வியாபாரம், ஆனால் காலை ஏழு மணிக்குப் போனால் மசாலா, காய்ந்த காளான், தாமரை விதை மூட்டைகளின் நடுவே ஒரு மணி நேரம் போவது தெரியாது.

காப்பித்தூள், முந்திரி, காய்ந்த பலாச்சுளை ஆகியவற்றைச் சந்தையில் பேரம் பேசி வாங்கவே வேண்டாம். கோஆப்மார்ட், லோட்டே மார்ட் போன்ற சூப்பர் மார்க்கெட்டில் அச்சடித்த விலையில், தயாரித்த தேதியோடு கிடைக்கும். பென் தானில் பேசி முடித்த விலையைவிடப் பெரும்பாலும் குறைவு. பிரேசிலுக்கு அடுத்து உலகில் அதிகம் காப்பி விளைவிக்கும் நாடு அது, பெரும்பகுதி ரொபஸ்டா. நம் டிகிரி காப்பிக்குப் பழகிய நாக்குக்குக் கசப்புத் தூக்கலாக இருக்கும். 'ஃபின்' என்ற சின்ன அலுமினிய வடிகட்டியையும் ஒன்று வாங்கி, கெட்டிப்பாலோடு குடித்துப் பழகுங்கள். மரநாய் தின்று கழித்த கொட்டையில் செய்யும் மரநாய் காப்பி என்று பெட்டி பெட்டியாக மலிவு விலையில் விற்பது செயற்கை வாசனை ஏற்றியது. அசல் அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. பாம்பைப் போட்ட மது பாட்டில்களையும் ஆமையோட்டுச் சீப்புகளையும் தொடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி நம் விமான நிலையச் சுங்கத்தில் அது வழக்கில் முடியலாம். இ-சிகரெட்டுக்கு வியட்நாமிலேயே 2025 முதல் தடை. பெயர்பெற்ற பிராண்டுகளின் ஆடைகள் பல அந்த நாட்டில் தைக்கப்படுவது உண்மை. 'தொழிற்சாலையில் மிஞ்சியது' என்று தெருவில் விற்கும் முதுகுப்பைகள் பெரும்பாலும் போலி என்பதும் உண்மை. பையை விரும்பி வாங்கினால் ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பார்த்து, பெயரை மறந்துவிட்டு விலை கொடுங்கள்.

பென் தான் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ட்ருவோங் டின் தெருவில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே போன தமிழர்கள் எழுப்பியது. இப்போது வரும் பக்தர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும். ஊதுபத்திக் கட்டோடு நிற்பார்கள். தோன் தாத் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் உண்டு. செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய பகுதி அது. பெற்றோருக்கு இந்த இரண்டும் எந்தச் சந்தையைவிடவும் பிடிக்கும். காலையில் போய்விடுங்கள்.

சைகோன் இரவில் நுயென் ஹுவே நடைவீதி உங்களுக்கானது: அகலமான தெரு, நீரூற்று, பட்டம், பலூன். அதில் 42ஆம் எண் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒவ்வொரு ஜன்னலும் இன்று ஒரு காப்பிக்கடை. ஆறு மணிக்கே போய் ஒரு மாடி முகப்பைப் பிடித்துக்கொண்டால் கீழே தெரு விளக்கேற்றுவதைப் பார்க்கலாம். ஹோ தி கி பூச்சந்தை இரவில் சாப்பாட்டுத் தெருவாகவும் இருக்கும். வின் கான் தெரு நத்தை, சிப்பிக்குப் பெயர்போனது. மூவர் சைவம் என்பதால் விட்டுவிடலாம். புய் வியென் தெரு தீபாவளிக்கு முந்தைய ரங்கநாதன் தெருவில் கடைக்குக் கடை டிஜே வைத்தது போல இருக்கும். எட்டு மணிக்கு ஓரமாக நின்று பார்த்தால் போதும், குழந்தைகளோடு உள்ளே நுழையத் தேவையில்லை. நீங்களும் துணைவரும் மட்டும் போவதென்றால் விலைப்பட்டியல் கையில் கொடுக்காத இடத்தில் உட்காராதீர்கள், போதைக்காகப் பலூனில் வாயு நிரப்பி நீட்டினால் வாங்காதீர்கள். ஒரு வாய் பீர் குடித்தாலும் வாடகை ஸ்கூட்டரைத் தொடக் கூடாது; 2020 முதல் ஓட்டுநர் இரத்தத்தில் மது அறவே இருக்கக் கூடாது என்பது சட்டம், சோதனையும் உண்டு. கைப்பேசியைச் சாலைப் பக்கக் கையில் பிடித்து வரைபடம் பார்ப்பது சைகோனில் கூடாது. மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் நீங்கள் திரும்பிப் பார்க்குமுன் அடுத்த தெருவில் இருப்பார்கள். ஹனோயில் வேறு வகை: தோளில் காவடிக் கூடையை அன்போடு ஏற்றிப் படம் எடுக்கச் சொல்லிவிட்டுக் காசு கேட்பார்கள். சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு 'சாய்' என்று எழுதிய பலகையைத் தேடுங்கள். வியட்நாமிய எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்துக் காட்டுவது இன்னும் உத்தமம், உச்சரிப்பு நம் வாயில் தவறினால் பொருள் மாறிவிடும். பௌத்த மரபுச் சைவம் என்பதால் அந்தக் கடைகளில் மீன் சாறு கிடையாது. மற்றக் கடைகளில் 'வெறும் கீரைதான்' என்று சொல்லி வைப்பதில் மீன் சாறோ சிப்பிச் சாறோ இருக்கும். அவர்கள் கணக்கில் அது அசைவமே இல்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஊரே சைவம் சாப்பிடும். அன்று தெருவோரத்தில்கூடச் சைவ பான் மி (ரொட்டி சாண்ட்விச்) கிடைக்கும்.

ஒரே கடையில் ஒரே நாளில் இருபது லட்சம் டாங்குக்கு மேல் வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். பதிவுபெற்ற கடையின் தனிப் படிவம் வேண்டும், சந்தைக் கடைகளில் அது கிடைக்காது. கடைசியில் கைக்கு வருவது வரியில் 85 சதவீதம்தான். கோட் தைத்தாலோ முத்து வாங்கினாலோ கேட்டுப் பாருங்கள், மற்றபடி அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பயணத் தேதியை நீங்கள் குறிப்பிடவில்லை. டிக்கெட் எடுக்குமுன் டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டு எப்போது என்று பாருங்கள். ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் வரும். அதற்கு முந்தைய பத்து நாள் சந்தைகள் உச்சத்தில் இருக்கும், தெருவெல்லாம் பீச் பழமரப் பூவும் குட்டி ஆரஞ்சுச் செடியும். புத்தாண்டு பிறந்ததும் நாலைந்து நாளைக்குப் பாதிக் கடைகள் அடைத்துக் கிடக்கும், தையற்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், உள்நாட்டு விமான டிக்கெட் கிடைப்பதே பாடாக இருக்கும். அந்த வாரத்தில் விழுந்தால் தேதியை மாற்றிவிடுங்கள்.